வெறும் முகவரியா, எச்டிஎம்எல் இணைப்பா?

மெயிலில் ஒரு இணைய முகவரியைப் போட்டு அனுப்புகிறோம், நமக்கு நீலமாகத் தெரிகிறது, எதிரில் இருப்பவருக்கு வெறும் எழுத்தாகக் கிடக்கிறது. காரணம், சாதா எழுத்து மெயிலில் (வடிவமைப்பு எதுவும் இல்லாமல் வெறும் எழுத்து மட்டும் உள்ள மெயில்) சொடுக்கக்கூடிய இணைப்பு என்று ஒன்று கிடையவே கிடையாது. படிக்கும் மென்பொருள்தான் 'இது முகவரி போலிருக்கிறதே' என்று ஊகித்துக் கோடு போடுகிறது. ஜிமெயில், அவுட்லுக், தண்டர்பேர்ட் ஒவ்வொன்றின் ஊகமும் ஒரே மாதிரி இருக்க வேண்டியதில்லை.

அதனால் முகவரியைத் தொடக்கத்தில் வரும் எச்டிடிபிஎஸ் (https://) என்பதிலிருந்து முழுசாக எழுதுங்கள். முகவரிக்குள் இடைவெளி வேண்டாம், முடிவில் முற்றுப்புள்ளியை ஒட்ட வேண்டாம். நீளமான முகவரிதான் பெரிய தலைவலி: மெயில் வரி 78 எழுத்துக்குள் இருப்பது நல்லது என்பது மெயில் வடிவத்துக்கான இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 5322-இன் பரிந்துரை, அதற்காகச் சில மென்பொருள்கள் வரியை மடிக்கும்போது முகவரி இரண்டாக உடைந்து முதல் பாதி மட்டும் இணைப்பாகிவிடும். முகவரியின் இருபுறமும் கோண அடைப்புக்குறி (< >) போட்டால் பல இடங்களில் தப்பிக்கலாம்.

எச்டிஎம்எல் மெயிலில் (வலைப்பக்கம் போலக் குறிச்சொற்களால் வடிவமைத்த மெயில்) போடும் இணைப்புக்கு இந்த ஊகம் தேவையில்லை. இணைப்பைக் குறிக்கும் ஏ (<a>) குறிச்சொல்லில் முகவரி தனியாக இருப்பதால் அது நீளமாக இருந்தாலும் சொடுக்கலாம். ஆனால் மேலே தெரியும் எழுத்து ஒன்று, உள்ளே போகும் முகவரி வேறொன்று என்று வைத்து ஏமாற்றவும் இதுவே வசதி (மோசடி மெயில்காரர்களுக்குப் பிடித்த வழி).

என்னைக் கேட்டால், நண்பருக்கு ஒரு முகவரி அனுப்ப சாதா எழுத்தே போதும். பலருக்கு அனுப்புவதென்றால் எச்டிஎம்எல்லோடு சாதா எழுத்து வடிவத்தையும் சேர்த்து அனுப்புங்கள், அதில் முகவரி முழுசாக இருக்கட்டும்.