கிளப் ஹவுஸா, சமமான பாதையா? நீலகிரியில் இரண்டு ஓய்வுக்காலக் குடியிருப்புகள்

குன்னூர்ப் பக்கம் தேயிலைச் சரிவில் இருக்கும் பெரிய குடியிருப்பில் ஐந்து வாரம், கோத்தகிரி ஊரை ஒட்டிய சின்னக் குடியிருப்பில் மூன்று வாரம். இரண்டிலும் காசு கட்டித் தங்கிப் பார்த்த பிறகுதான் நானும் என் வீட்டுக்காரரும் கோத்தகிரி என்று முடிவெடுத்தோம். வந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. ஈரோட்டில் என்னோடு வேலை பார்த்த டீச்சர்கள் ஒவ்வொருவராக ரிட்டையர் ஆகிக்கொண்டிருக்கிறார்கள். "மலைக்கு வரணும்னு ஆசை, எதை வாங்கறதுன்னு தெரியல, சொல்லுங்கக்கா" என்று போன் வருகிறது. ஒவ்வொருவருக்கும் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன். நான் கோத்தகிரி பக்கம் சாய்ந்தவள் என்பதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

பெயர்கள் வேண்டாம். பெரியதைச் 'சரிவு' என்றும், சின்னதை 'வரிசை' என்றும் வைத்துக்கொள்கிறேன். சரிவில் வீடுகள் மலையின் மேலிருந்து கீழாக அடுக்கடுக்காக இறங்குகின்றன. வரிசையில் பதினான்கு வீடுகள் ஒரே மட்டத்தில், மலையை அணைத்தபடி பக்கவாட்டில் போகின்றன.

சீக்கிரம் சொல்லி முடிக்கக்கூடியவை முதலில். குளிர் இரண்டிலும் தாங்கக்கூடியதுதான்; ஊட்டி மாதிரி அடிக்கடி உறைபனி விழும் உயரம் இல்லை. சாப்பாடு இரண்டிலும் பொதுச் சமையல். சரிவில் வகை அதிகம், வரிசையில் ருசி அதிகம். மாதப் பராமரிப்புத் தொகை சரிவில் எங்களுடையதைப் போல ஒன்றரை மடங்கு. பிள்ளைகள் காரில் வந்தால் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் எடுக்க வேண்டும், அது எங்கே இருந்தாலும் ஒன்றுதான். பெரிய மருத்துவம் என்றால் இரண்டு இடத்திலிருந்தும் பெரும்பாலும் கோயம்புத்தூருக்குத்தான் இறங்க வேண்டும். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வரைக்குமே 33 கிலோமீட்டர் மலைப்பாதை.

பட்டியலை மட்டும் பார்த்தால் சரிவுதான் ஜெயிக்கும். கிளப் ஹவுஸ், நூலகம், டேபிள் டென்னிஸ், பிசியோதெரபி அறை, சினிமா போடும் சின்ன அரங்கம், வாரம் மூன்று நாள் யோகா மாஸ்டர், இரவு முழுக்க நர்ஸ். நிகழ்ச்சிகளைப் பார்த்துக்கொள்வதற்கென்றே சம்பளத்துக்கு ஒரு பெண். மாதம் பிறந்தால் நிகழ்ச்சி அட்டவணை அச்சடித்து வீட்டு வாசலுக்கு வந்துவிடும். முதல் நாள் அதைக் கையில் வாங்கியபோது எனக்குப் பள்ளிக்கூட ஆண்டு விழா ஞாபகம்தான் வந்தது, அவ்வளவு சந்தோஷம். வரிசையில் இருப்பது ஒரே ஒரு ஹால். இரண்டு கேரம் போர்டு, நான்கு அலமாரி புத்தகம், சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு ஹார்மோனியம்.

அப்புறம் ஏன் வரிசை? படிக்கட்டுதான் காரணம். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான் என்பதால் இதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

நீலகிரியில் கட்டடத்தின் உயரம் 7 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது விதி. மண்சரிவுக்கு ஆளான மலை என்பதால் நல்ல விதிதான். ஆனால் அதன் விளைவு என்ன? கோயம்புத்தூரில் நூறு வீட்டை ஐந்து மாடியில் அடுக்கி லிஃப்ட் வைத்துவிடுவார்கள். இங்கே அதே நூறு வீட்டைக் கட்ட வேண்டுமானால் மலைச்சரிவில் பரப்பித்தான் ஆக வேண்டும். மேல் அடுக்குக்கும் கீழ் அடுக்குக்கும் நடுவே லிஃப்ட் வராது, படிதான் வரும். சரிவில் எங்களுக்குக் கொடுத்தது நான்காவது அடுக்கு வீடு. அங்கிருந்து மேலே இருக்கும் கிளப் ஹவுஸுக்கு 118 படி. கணக்கு டீச்சர், எண்ணாமல் இருக்க முடியாது.

முதல் வாரம் தினமும் இரண்டு தடவை ஏறினோம். இதுவே நல்ல உடற்பயிற்சி என்று பேசிக்கொண்டோம். ஏறும்போது மூச்சுதான் வாங்கும், நின்று நின்று போய்விடலாம். இறங்கும்போதுதான் முழங்கால் பேசும். உடம்பின் மொத்த எடையையும் ஒற்றைக் காலில் தாங்கி, தொடைத் தசையால் பிடித்துப் பிடித்து இறக்க வேண்டியிருக்கிறது. தேய்ந்த மூட்டுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் கஷ்டம். இது மலையில் பிறந்தவர்களுக்குத் தெரியும், சமவெளியிலிருந்து வரும் நமக்கு வந்த பிறகுதான் தெரிகிறது.

இரண்டாவது வாரம் நாளுக்கு ஒரு தடவை ஆனது. மூன்றாவது வாரம் மழை. படியில் பாசி. சாயங்காலம் ஐந்தரைக்கு மூடுபனி ஏறி வந்துவிட்டால் அடுத்த படி எங்கே என்று தெரியாது. "என்னங்க, பாட்டுக் கச்சேரி இருக்குதாம், போலாமா?" என்பேன். "இன்னிக்கு வேண்டாம் விடு, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்பார். நாளைக்கும் அதே பேச்சு. பேட்டரி வண்டி உண்டு. ஆனால் அது காலை சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் ஓடும், ஏழு மணிக்கு மேல் நிறுத்திவிடுவார்கள். போன் செய்து கூப்பிட்டால் வருவார்கள்தான். கேரம் ஆட வேண்டும் என்பதற்காக ஒருவரை மழையில் வண்டி எடுத்து வரச்சொல்ல யாருக்கு மனசு வரும்?

ஐந்தாவது வாரம் நான் கவனித்தது இதுதான். கிளப் ஹவுஸில் எப்போது போனாலும் அதே முகங்கள். எல்லோரும் மேல் இரண்டு அடுக்குக்காரர்கள். கீழ் அடுக்கில் இருந்தவர்கள் மோசமான ஆட்கள் இல்லை, பேச விருப்பம் இல்லாதவர்களும் இல்லை. எங்களுக்கு அடுத்த வீட்டு அக்கா தபால் துறையில் முப்பது வருடம் கவுண்டரில் உட்கார்ந்தவர், பேச ஆரம்பித்தால் நேரம் போவது தெரியாது. அவர் கிளப் ஹவுஸுக்குப் போய் நாலு மாதம் ஆகியிருந்தது. அட்டவணை மட்டும் ஃப்ரிட்ஜ் மேல் காந்தம் வைத்து ஒட்டியிருந்தது. "எல்லாம் நல்லாத்தான் நடத்தறாங்க" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

உலக சுகாதார நிறுவனம் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது. அதோடு தடுமாறி விழாமல் இருப்பதற்கான சமநிலைப் பயிற்சியும் தசைப் பயிற்சியும் வாரம் மூன்று நாள். நான் இதைச் சொன்னால் "படி ஏறினாலே ஆச்சே" என்கிறார்கள் சிலர். ஏறினால் ஆச்சு. ஆனால் பயந்துகொண்டு ஏறுகிறவர்கள் ஏறுவதையே விட்டுவிடுகிறார்கள். 150 நிமிடத்தை வாரா வாரம் சேர்ப்பது பிடித்துப்போய்ச் செய்கிற நடைதான்.

இப்போது வரிசை. வீட்டு வாசலிலிருந்து ஹாலுக்கு எங்களுக்கு 90 அடி தூரம், படியே இல்லை, ஓரத்தில் கைப்பிடிக் கம்பி. மேலே தகரக் கூரை போட்ட நடைபாதை என்பதால் மழையிலும் போகலாம். ஹாலைத் தாண்டி கேட் வழியே வெளியே வந்தால் தார் ரோடு, அதுவும் பெரும்பாலும் சமம். பஸ் நிறுத்தத்துக்குப் பத்து நிமிடம், மார்க்கெட்டுக்கு இருபது நிமிடம்.

இந்த இருபது நிமிடத்தில்தான் எங்கள் வாழ்க்கை இருக்கிறது. காலை ஆறே முக்காலுக்குக் கிளம்பினால் பால்காரர், பேக்கரியில் வர்க்கி எடுக்கிறவர், கேரட்டும் பீன்ஸும் மூட்டை இறக்குகிறவர்கள், பள்ளிக்கூடத்துக்கு நிற்கிற பிள்ளைகள். தையல்கடைப் பெண்ணுக்கு என் வீட்டுக்காரர் வங்கிப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறார். அவள் பெண்ணுக்கும் இன்னும் நான்கு பிள்ளைகளுக்கும் நான் சனி, ஞாயிறு ஹாலில் பத்தாம் வகுப்புக் கணக்கு எடுக்கிறேன். சரிவிலும் டியூஷன் எடுக்கலாமா என்று கேட்டேன். கேட்டில் பெயர் எழுதி, பாஸ் வாங்கி, எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டுப் பிள்ளைகள் ஏறி வர வேண்டும் என்றார்கள். பாதுகாப்புக்காகத்தான், தப்புச் சொல்லவில்லை. ஆனால் வயதானவர்கள் வயதானவர்களோடு மட்டுமே பேசிக்கொண்டிருக்கும் இடமாக அது ஆகிவிடுகிறது. எனக்குப் பதினைந்து வயதுப் பிள்ளைகளின் சத்தம் வேண்டும்.

மகளிருக்கான கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் 2024-இல் நீலகிரிக்கும் வந்தது. அதற்கப்புறம் எங்கள் வரிசைப் பெண்கள் ஆறு பேர் வாரம் ஒருமுறையாவது டவுன் பஸ்ஸில் எங்காவது போகிறோம். கன்னேரிமுக்கில் அந்தக் காலத்துக் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சலிவன் 1819-இல் கட்டிய பங்களாவைப் பார்த்துவிட்டு வந்தோம். இந்த மலையின் படகர் மக்கள் கொண்டாடும் ஹெத்தையம்மன் பண்டிகைக்குப் பேரகணி போனோம். வெள்ளை உடுத்திய படகர் கூட்டத்தின் நடுவே எங்கள் ஆறு பேருக்கும் ஒரு பாட்டி இடம் பிடித்து உட்காரவைத்தார். லாங்வுட் சோலை ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டர்தான். 116 ஹெக்டேர் சோலைக்காடு, 2024 ஜனவரியில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. கீழே இருக்கிற ஊர்களுக்குத் தண்ணீர் ஊறுவது அங்கிருந்துதான். வனத்துறை அனுமதி வாங்கிக்கொண்டு எங்கள் கர்னல் சார் எட்டுப் பேரைக் கூட்டிப்போனார். எழுபத்தாறு வயது அவருக்கு. இதெல்லாம் எந்த அட்டவணையிலும் இல்லை. ஹாலில் டீ குடிக்கும்போது யாராவது ஒருவர் "நாளைக்கு எங்கியாச்சும் போலாமா?" என்று கேட்பார், அவ்வளவுதான்.

ஹால் பக்கத்தில் இருப்பதால் இன்னொன்றும் நடக்கிறது. யாராவது இரண்டு நாள் வரவில்லை என்றால் தெரிந்துவிடுகிறது. போன வருடம் கேரம் ஜோடி ஒருவர் வரவில்லை என்று என் வீட்டுக்காரர் போய்க் கதவைத் தட்டினார். காய்ச்சலில் தனியாகப் படுத்திருந்தார். 90 அடி தூரம் என்பதால்தான் தட்டிப் பார்க்கத் தோன்றியது. 118 படி என்றால் போனில் கேட்டிருப்போம், "ஒன்னுமில்லைங்க" என்று அவரும் சொல்லியிருப்பார்.

தனி வீடு வாடகைக்கு எடுத்தால் என்ன என்றும் யோசித்தோம். சுதந்திரம் அதிகம், செலவு குறைவு. ஆனால் கோத்தகிரி, குன்னூர் பக்கத்துக்குப் பெருமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. 2009 நவம்பரில் ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவே இருக்கும் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் கொட்டியது. அந்த மாதிரி நாள் ஒன்று வந்து ரோடு அடைத்து, கரண்டும் போய்விட்டால் தனி வீட்டில் இரண்டு கிழங்கள் என்ன செய்வது? அதோடு இருட்டினால் கோத்தகிரியில் கரடி வரும், காட்டெருமை வரும். ஆறரைக்கு மேல் ரோட்டில் நடப்பதை நாங்களே விட்டுவிட்டோம். விளக்கு எரியும் கூரைப் பாதையில் நான்கு வீடு தாண்டினால் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதற்காகத்தான் குடியிருப்பு என்றே முடிவு செய்தோம்.

சரிவு எனக்குப் பொருந்தவில்லை என்பதால் யாருக்கும் பொருந்தாது என்று சொல்ல மாட்டேன். மேல் அடுக்கில் வீடு கிடைத்தால் நான் எழுதியதில் பாதி அடிபட்டுப்போகும். விலை அதிகம் சொல்வார்கள், கொடுக்கலாம். படுக்கையில் விழுந்தால் எது நல்லது என்பதில் எங்களுக்கு அனுபவம் இல்லை. இரவு நர்ஸ் இருக்கும் இடம் அப்போது மேல் என்றே தோன்றுகிறது. வரிசையில் பகலில் மட்டும் ஒரு நர்ஸம்மா வருகிறார். இந்த விஷயத்தில் என் வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் பயம் உண்டு, எனக்கும் இல்லாமல் இல்லை. விற்கும்போது என்ன விலை போகும் என்பதும் நாங்கள் இன்னும் பார்க்காத விஷயம். வரிசையில் நாங்கள் வந்த பிறகு ஒரு வீடுதான் கை மாறியது, அதுவும் உறவுக்குள்ளேயே. அதை வைத்துக் கணக்குப் போட முடியாது.

வாங்க நினைப்பவர்கள் ஏப்ரல், மே மாதத்தில் வந்து பார்க்காதீர்கள். அப்போது மலையில் எல்லா இடமும் அழகு. நவம்பரில் வாருங்கள், குறைந்தது பத்து நாள் தங்குங்கள். கொடுக்கப்போகும் அதே வீட்டில் தங்கக் கேளுங்கள், மாதிரி வீட்டில் வேண்டாம். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் இரண்டு கிலோ காய்கறிப் பையோடு பொது ஹாலுக்குப் போய்த் திரும்புங்கள். கம்பியைப் பிடிக்கக் கை மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு ஹாலில் யார் யார் இருக்கிறார்கள், எந்தெந்த வீட்டுக்காரர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். யாரும் கேட்டைத் தாண்டி வெளியே நடந்து போகிறார்களா என்றும் பாருங்கள்.

தபால் ஆபீஸ் அக்காவோடு இன்னும் போனில் பேசுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கணக்கு வகுப்பு முடிந்ததும் நானே கூப்பிடுவேன், பிள்ளைகள் போகிற சத்தம் அவருக்கும் கேட்கும். போன வாரம் "உங்க வரிசையில வீடு ஏதாச்சும் காலியாகுமா டீச்சர்?" என்று கேட்டார். இப்போதைக்கு எதுவும் இல்லை. ஆனால் முதலில் அவருக்குத்தான் சொல்வேன் என்று வார்த்தை கொடுத்திருக்கிறேன்.