எஸ்கியூலைட், எச்2, டெர்பி: எது எப்படி மக்கர் பண்ணும்?

சின்ன மென்பொருள் ஒன்று எழுதுகிறோம், தனியாக சர்வர் போட்டுப் பராமரிக்க ஆளில்லை, ஆனால் தரவு ஒழுங்காக டேபிள்களில் உட்கார வேண்டும். அப்போது தேவைப்படுவது மென்பொருளுக்குள்ளேயே குடியிருக்கும் ஒரு டேட்டாபேஸ். எஸ்கியூலைட், எச்2, டெர்பி மூன்றும் அந்த ரகம். "எது வேகம்?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள், நானும் அப்படித்தான் கேட்டேன். ஒரு கடையின் பில்லிங் மென்பொருளை முதலில் டெர்பியில் எழுதி, அப்புறம் எச்2-வுக்கு மாற்றி, கடைசியில் எஸ்கியூலைட்டுக்கு வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நாளொன்றுக்கு முந்நூறு பில் போடுகிற இடத்தில் மூன்றுமே வேகம்தான். ராத்திரி ஒன்பது மணிக்குக் கடையிலிருந்து ஃபோன் வரும்போது திரையில் என்ன பிழை நிற்கிறது, அதை வீட்டிலிருந்தே சரிசெய்ய முடியுமா என்பதில்தான் வித்தியாசம் தெரியும்.

பூர்வீகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரிச்சர்ட் ஹிப் அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்றுக்கான மென்பொருளில் வேலை பார்த்தபோது, பின்னால் ஓடிய இன்ஃபார்மிக்ஸ் டேட்டாபேஸ் சர்வர் படுத்தால் தன் மென்பொருளும் சேர்ந்து படுக்கிறதே என்ற எரிச்சலில் பிறந்தது எஸ்கியூலைட், 2000-இல் வெளிவந்தது. டெர்பி 1996-இல் தொடங்கிய கிளவுட்ஸ்கேப் நிறுவனத்தின் பிள்ளை. வேடிக்கை என்னவென்றால் 1999-இல் அந்த நிறுவனத்தை வாங்கியது அதே இன்ஃபார்மிக்ஸ்! 2001-இல் ஐபிஎம் கைக்குப் போய், 2004-இல் அப்பாச்சி என்ற திறந்த மூல மென்பொருள் அமைப்புக்குத் தானமாகக் கொடுக்கப்பட்டது. எச்2 தாமஸ் முல்லர் எழுதியது, 2005-இல் வந்தது. அவரே முன்பு எழுதிய ஹைப்பர்சோனிக் என்ற டேட்டாபேஸின் இரண்டாம் பிறவி என்பதால் எச்2. டெர்பியும் எச்2-வும் ஜாவா மொழியில் எழுதியவை, எஸ்கியூலைட் சி மொழியில்.

சரி, முதல் தலைவலி பூட்டு, அதாவது ஒருவர் எழுதும்போது மற்றவரை நிறுத்திவைக்கும் ஏற்பாடு. எஸ்கியூலைட்டில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும், அது டேபிளுக்கு ஒருவர்கூட இல்லை, மொத்தக் கோப்புக்கும் ஒருவர். இரண்டாவது ஆள் வந்தால் "டேட்டாபேஸ் இஸ் லாக்ட்" என்று உடனே கைவிரித்துவிடும், ஏனென்றால் காத்திருக்கும் நேரம் இயல்பாகவே பூஜ்யம். பிஸி டைம்அவுட் என்ற அந்தக் காத்திருப்பை ஐந்து வினாடி என்று வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிப் பாதிதான் ஆளைக் கொல்லும். ஒரு டிரான்சாக்‌ஷனை (முழுதாக நடக்கும் அல்லது எதுவுமே நடக்காது என்ற ஒரே கட்டு வேலையை) வெறும் பிகின் கட்டளை போட்டு ஆரம்பித்து, முதலில் இருப்பைப் படித்து, பிறகு அதைக் குறைத்து எழுதப் போகிறோம், அந்த இடைவெளியில் வேறொரு இணைப்பு எழுதிவிட்டது என்றால், வால் மோடில் (அதைக் கீழே சொல்கிறேன்) நீங்கள் எத்தனை வினாடி டைம்அவுட் வைத்திருந்தாலும் அது காத்திருக்காமல் பிழையைத் தூக்கி எறியும். காத்திருந்தும் பயனில்லை, நீங்கள் படித்தது பழைய கணக்கு. எழுதப் போகிறோம் என்று முன்னமே தெரிந்தால் பிகின் இமீடியட் போடுங்கள், அவ்வளவுதான் மருந்து. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது, அந்த இரண்டு வாரமும் டைம்அவுட்டைத்தான் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

டெர்பியில் டேபிளின் ஒவ்வொரு வரிசைக்கும் தனிப் பூட்டு, அதனால் ஒரே ஜாவா புராசஸுக்குள் (ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மென்பொருளுக்குள்) பல த்ரெட்கள் (ஒரே சமயத்தில் ஓடும் வேலைகள்) தாராளமாக எழுதலாம். ஆனால் ஒருவர் மேல் ஒருவர் மோதினால் சாதாரணப் பூட்டுக்கு 60 வினாடி, ஒருவர் பூட்டுக்காக மற்றவர் காத்து இருவருமே சிக்கி நிற்கும் டெட்லாக்கைக் கண்டுபிடிக்க 20 வினாடி என்பது இயல்பான காத்திருப்பு. கவுன்டரில் நிற்கிற வாடிக்கையாளருக்கு 20 வினாடி என்றால் மென்பொருள் செத்துவிட்டது என்றுதான் பொருள், கடைப்பையன் அதற்குள் பவர் பட்டனை அழுத்திவிடுவான். புராசஸ் இரண்டானால் கதையே வேறு. மென்பொருளைத் தவறுதலாக இரண்டு முறை திறந்தாலே "வேறொரு டெர்பி ஏற்கெனவே திறந்திருக்கலாம்" என்ற பொருளில் எக்ஸ்எஸ்டிபி6 என்று ஒரு பிழை வரும். எச்2-வும் அதே ரகம்தான், ஆனால் இணைப்பு முகவரியில் ஆட்டோ சர்வர் என்பதைச் சேர்த்துவிட்டால் முதலில் திறந்த புராசஸே சத்தமில்லாமல் சர்வராகிவிடும், அடுத்தவர் அதன் வழியாக உள்ளே வரலாம். இந்த ஒரு வசதிக்காகத்தான் நான் டெர்பியிலிருந்து எச்2-வுக்குப் போனேன்.

மூன்றுக்கும் பொதுவாக ஒரு எச்சரிக்கை. கோப்பை நெட்வொர்க் ஷேரில் வைத்து நாலு கணினியிலிருந்து திறக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் காலத்துப் பழக்கம் அது, அங்கேயும் "காம்பேக்ட் அண்ட் ரிப்பேர்" பொத்தான்தான் பாதி வாழ்க்கையாக இருந்தது.

இனி அந்த வால் மோடு. 2010-இல் எஸ்கியூலைட்டில் வந்தது, படிப்பவரும் எழுதுபவரும் ஒருவரை ஒருவர் தடுக்காமலிருக்க அருமையான ஏற்பாடு. ரைட்-அஹெட் லாக் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான் என்றாலும் தமிழுக்கே பொருத்தமான பெயர், டேட்டாபேஸ் கோப்புக்குப் பின்னால் நிஜமாகவே ஒரு வால் கோப்பு முளைக்கும். புதிதாக எழுதியதெல்லாம் முதலில் வாலில்தான் சேரும், அப்புறம்தான் உடம்புக்குப் போகும். நான் செய்த தப்பு, பேக்கப் என்ற பெயரில் உடம்பை மட்டும் காப்பி எடுத்து வந்தது. கடைசி மணி நேரத்து பில்கள் காணோம். கோப்பு கெடவில்லை, பிழையும் வரவில்லை, பில் மட்டும் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸைக் கோப்பாக காப்பி அடிக்காதீர்கள், பேக்கப் ஏபிஐ (நிரலிலிருந்தே பேக்கப் எடுக்கும் வசதி) இருக்கிறது, 2019-க்குப் பிந்தைய பதிப்பென்றால் வேக்கும் இன்டு என்று ஒரு வரியில் முடியும். வால் நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போனால், எங்கோ ஒரு ரிப்போர்ட் திரை தன் செலக்டை (படிக்கும் கட்டளையை) மூடாமல் வைத்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

கரண்ட் போனால்? இங்கே எச்2 மேல் எனக்கு மனத்தாங்கல் உண்டு. கமிட் ஆனது, அதாவது எழுதி உறுதியானது, என்று அது சொன்னாலும் வட்டில் எழுத இயல்பாக அரை வினாடி தாமதம் வைத்திருக்கிறது, கமிட் ஆனதெல்லாம் மின்வெட்டில் தப்பும் என்று உத்தரவாதமில்லை என்பதை அதன் கையேடே ஒளிக்காமல் சொல்கிறது. நான்தான் படிக்கவில்லை. எஸ்கியூலைட்டும் டெர்பியும் இயல்பு நிலையில் ஒவ்வொரு கமிட்டுக்கும் வட்டு எழுதி முடிக்கும்வரை நிற்கும். அதற்கு விலை உண்டு. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் பழைய வட்டில் எஸ்கியூலைட் வினாடிக்குச் சில டஜன் டிரான்சாக்‌ஷன்தான் தாங்கும், ஆனால் அதே இயந்திரத்தில் ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் வினாடிக்கு 50,000 இன்சர்ட் (புது வரிசை சேர்ப்பு) போகும். "எஸ்கியூலைட் மெதுவாக இருக்கிறது" என்று வரும் புகாரில் பெரும்பாலும் யாரோ ஆயிரம் பொருட்களை லூப்பில் ஒவ்வொன்றாக கமிட் செய்துகொண்டிருப்பார்கள். டெர்பியில் இன்னொரு விசித்திரம். ஒழுங்காக மூடினாலும் அது எக்ஸப்ஷன் (பிழை அறிவிப்பு) வீசித்தான் மூடும். எக்ஸ்ஜே015 வந்தால் வெற்றி என்று அர்த்தம்! புதிதாக வந்த பையன் அதைப் பிழை என்று நினைத்து மூடும் வரியையே எடுத்துவிட்டான், அப்புறம் ஒவ்வொரு காலையும் மென்பொருள் திறக்கும்போது டெர்பி மீட்பு வேலை பார்த்துக்கொண்டு நின்றது.

டேபிள் வடிவமைப்பில் டெர்பியும் எச்2-வும் கண்டிப்பான வாத்தியார்கள். எண் என்றால் எண், டெசிமல் என்றால் உண்மையான டெசிமல், தேதி என்றால் தேதி. எஸ்கியூலைட் எதைக் கொடுத்தாலும் வாங்கிப் போட்டுக்கொள்ளும். விலை நெடுவரிசையில் எங்கள் இறக்குமதிக் கோப்பிலிருந்து "1,250" என்று காற்புள்ளியோடு ஒரு மதிப்பு நுழைந்தது. அது எழுத்தாகவே உட்கார்ந்தது, கூட்டும்போது காற்புள்ளிக்கு முன்னாலிருந்த 1 மட்டும் கணக்கில் ஏறியது. ஒரு எழுத்துகூடப் பிழையாகச் சொல்லாமல் 1,249 ரூபாய் மாயம். 2021 நவம்பரில் வந்த 3.37 பதிப்பிலிருந்து எஸ்கியூலைட்டிலும் வகையைக் கண்டிப்பாகச் சோதிக்கும் ஸ்ட்ரிக்ட் டேபிள் இருக்கிறது, புதிதாகத் தொடங்குபவர்கள் அதை விடாதீர்கள். பணத்தைப் பைசாவாக முழு எண்ணில் வையுங்கள். தேதியை ஆண்டு-மாதம்-நாள் வரிசையில் எழுதுங்கள், இப்போதைய நேரத்தைத் தரும் கரன்ட் டைம்ஸ்டாம்ப் எஸ்கியூலைட்டில் கொடுப்பது உலகப் பொது நேரம் (யூடிசி) என்பதை மறக்காதீர்கள், இல்லாவிட்டால் நள்ளிரவிலிருந்து விடிகாலை ஐந்தரை வரை போட்ட பில் எல்லாம் முந்தைய நாள் கணக்கில் விழும். ஃபாரின் கீ சோதனை (ஒரு டேபிள் குறிப்பிடும் வரிசை மற்ற டேபிளில் இருக்கிறதா என்று பார்ப்பது) எஸ்கியூலைட்டில் இயல்பாக அணைத்தே இருக்கும், ஒவ்வொரு இணைப்பிலும் நாம்தான் முடுக்க வேண்டும். ஒருமுறை போட்டால் போதும் என்று நினைத்து, பில் இருந்தும் வாடிக்கையாளர் இல்லாத அனாதை வரிசைகளை நானும் கொஞ்ச நாள் வளர்த்திருக்கிறேன். டேபிளை மாற்றுவதும் எஸ்கியூலைட்டில் சுலபமில்லை, நெடுவரிசையை நீக்கும் வசதியே 2021-இல்தான் வந்தது. நெடுவரிசையின் வகையை மாற்ற வேண்டுமென்றால் புது டேபிள் கட்டி, தரவைக் கொட்டி, பழையதை இடித்து, பெயர் மாற்று என்று வீடு மாற்றுகிற வேலைதான்.

நமக்கென்றே ஒரு சிக்கல் உண்டு, ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு அது தெரியவே தெரியாது. தமிழ்ப் பெயர்களை அகர வரிசையில் கேட்டால் எஸ்கியூலைட் யூனிகோடு எண்படி அடுக்கும். அதில் ன-கரம் ந-வுக்கு அடுத்து, ப-வுக்கு முன்னால் வந்து நிற்கும், ற-கரம் ர-வை ஒட்டி நிற்கும், புள்ளி வைத்த க் கௌ-வுக்கும் பின்னால் போய்விடும். கடைக்காரர் "இந்த லிஸ்டில் ஆளையே கண்டுபிடிக்க முடியவில்லை" என்றார். எச்2-வில் மொழிவாரி அகர வரிசை தெரிந்த ஐசியூ நிரல் நூலகத்தைச் சேர்த்து வரிசை முறையை அமைக்கலாம், ஆனால் டேபிள் எதுவும் உருவாகும் முன்பே செய்ய வேண்டும். எஸ்கியூலைட்டில் நாமே ஒரு கொலேஷன் (வரிசைப்படுத்தும் விதி) எழுதிப் பதிவு செய்ய வேண்டும். நான் சோம்பேறி, வரிசைக்கென்றே தனியாக ஒரு சாவி நெடுவரிசை வைத்துத் தப்பித்தேன்.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு ஏன் எஸ்கியூலைட்டில் நிற்கிறேன் என்றால், காரணம் எச்2-வின் அந்தப் பதிப்பு மாற்றம். 1.4.200-இலிருந்து 2021 இறுதியில் 2.0 வந்தபோது கோப்பு வடிவமே மாறிவிட்டது, புதிய ஜார் (எச்2-வின் நிரல் கோப்பு) பழைய தரவுக் கோப்பைத் திறக்காது. பழைய ஜாரை வைத்து ஸ்கிரிப்டாக வெளியே எடுத்து, புதியதில் ஏற்ற வேண்டும். ஏற்றப் போனால் வேல்யூ, யூசர் போன்ற சாதாரணப் பெயர்கள் ஒதுக்கப்பட்ட சொற்களாகியிருந்தன, எங்கள் டேபிள் ஒன்றின் பெயரே யூசர். ஒரு கணினியென்றால் பரவாயில்லை, பதினெட்டுக் கணினி. எஸ்கியூலைட்டின் மூன்றாம் வடிவக் கோப்பு 2004-இலிருந்து அப்படியே இருக்கிறது, 2050 வரை ஆதரவு என்று எழுதியே வைத்திருக்கிறார்கள்.

அதற்காக எச்2-வை ஒதுக்கவில்லை. ஜாவா மென்பொருளின் சோதனைகளை நினைவகத்திலேயே ஓட்ட அதைவிடச் சௌகரியமானது எனக்குத் தெரியாது. கடைசி இணைப்பு மூடியதும் மொத்த டேட்டாபேஸும் ஆவியாகிவிடும் என்பதால் குளோஸ் டிலே என்ற அமைப்பை மைனஸ் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள், "டேபிள் காணோம்" என்று வரும் பிழையில் பாதி அதுதான். பதிப்பை மட்டும் மாற்றாமல் ஒன்றிலேயே வையுங்கள்.

டெர்பியைப் புதிதாக எதற்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஜாவா 6 முதல் 8 வரை ஜேடிகே என்ற ஜாவா நிரலாக்கத் தொகுப்போடு இலவசமாக வந்தது, 9-இல் எடுத்துவிட்டார்கள். 2025 அக்டோபரில் திட்டத்தையே ஓய்வுக்கு அனுப்பி, மாற்றமில்லாத நிலையில் வைத்துவிட்டார்கள். பழைய மென்பொருளில் செக்0 (seg0), லாக் (log) என்று துணை ஃபோல்டர்கள் உள்ள டெர்பி ஃபோல்டர் உங்களிடம் இருந்தால், அது திறக்கிற ஜாவா கையில் இருக்கும்போதே டிபிலுக் கருவியால் டேபிள் அமைப்பையும், எக்ஸ்போர்ட் டேபிள் செயல்முறையால் தரவையும் வெளியே எடுத்துவிடுங்கள். ஃபோல்டருக்குள் இருக்கும் எந்தக் கோப்பையும் கையால் தொடாதீர்கள், லாக் ஃபோல்டரை "லாக்தானே, வெறும் பதிவுக் குறிப்புதானே" என்று நினைத்து அழித்தவர்களில் நானும் ஒருவன்.