ஏழு பாடகர், ஒரு பியானோ: வியார்தோவின் 'சாந்த்ரியோன்'

சின்ட்ரெல்லாவைச் சின்ன மேடைக்குக் கொண்டுவர நினைக்கும் குழுக்களுக்கு போலின் வியார்தோவின் 'சாந்த்ரியோன்' (சின்ட்ரெல்லாவின் பிரெஞ்சுப் பெயர்) என்ற ஆப்பரெட்டாவை, அதாவது பேச்சும் பாட்டும் கலந்த சிறு இசைநாடகத்தை விடத் தோதான படைப்பு கிடைப்பது கடினம். 1904இல் பாரிஸில், ஒரு வீட்டு வரவேற்பறையில் அரங்கேறியது. எண்பதைத் தாண்டிய வயதில் வசனம், பாட்டு, இசை மூன்றையும் அவரே எழுதினார். 1899இல் பிரெஞ்சு இசையமைப்பாளர் மாஸ்னே இதே பெயரில் தந்த ஆப்பராவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதற்கு முழு ஆர்கெஸ்ட்ரா, கோரஸ், பாலே எல்லாம் தேவை. இதற்கு ஏழு பாடகரும் ஒரு பியானோவும் போதும். மூன்று அங்கங்கள், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்.

1697இல் பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ எழுதிய கதையில் வரும் கொடுமைக்காரச் சிற்றன்னை இங்கே இல்லை. அவள் இடத்தில் ஓர் அசட்டு பாரோன் (பிரபு). தான் முன்பு கடைக்காரராக இருந்ததை மறைக்கப் படாதபாடு படுகிறார். இந்த ஒரு மாற்றத்தால் கதையில் அழுகை குறைந்து நையாண்டி ஏறுகிறது. ஆகவே பாரோனாக வரும், இடைப்பட்ட ஆண்குரல் கொண்ட பாரிடோனுக்குக் குரலை விட நகைச்சுவையின் நேரக்கணக்குதான் முக்கியம். அக்காமார் இருவரையும் ராட்சசிகளாக்கினால் நாடகம் கெட்டுவிடும். அவர்கள் தற்பெருமைக்காரிகள், அவ்வளவே.

வியார்தோ பேர்போன பாடகி, பாட்டு ஆசிரியையும்கூட. ஒவ்வொரு குரலுக்கும் எவ்வளவு சுமை ஏற்றலாம் என்ற கணக்கு பாட்டுகளில் தெரிகிறது. சின்ட்ரெல்லாவான மரி பாடும் தொடக்கப் பாட்டு எளிய நாட்டுப்பாடல் போல ஓடும். அதை ஆப்பரா பாணியில் இழுத்துப் பாடுவது பெரும் தவறு. தேவதையின் பகுதி மட்டும் வேறு ரகம். உச்ச ஸ்தாயியில் லேசாகவும் வேகமாகவும் உருளக்கூடிய சொப்ரானோ (மேல்ஸ்தாயிப் பெண்குரல்) வேண்டும். அந்தக் குரல் கைவசம் இல்லாவிட்டால் இந்தப் படைப்பையே தொடாதீர்கள். மற்ற குறைகளை நடிப்பால் மூடிவிடலாம், இதை முடியாது.

பார்வையாளர் தடுமாறும் இடம் இரண்டாம் அங்கம். இளவரசனும் அவன் ஏவலாள் பாரிகூலும் வேடம் மாற்றிக்கொள்கிறார்கள், இருவரும் டெனர்கள் (உயர்ந்த ஆண்குரல்). ஒரே உயரம், ஒரே உடல்வாகு என்றால் யார் யார் என்பது பின்வரிசைக்குப் புரியவே புரியாது. கண்ணில் படும்படியான ஒரு மேலங்கியை மேடையிலேயே கைமாற்றச் செய்தால் சிக்கல் தீரும். போலி இளவரசனாகப் பாரிகூல் அடிக்கும் கூத்து கைதட்டலை வாங்கிவிடும். மரியும் உண்மையான இளவரசனும் பாடும் டூயட் அதற்குப் பிறகு எடுபட வேண்டுமானால், பாரிகூலை மேடையை விட்டு முழுக்க வெளியேற்றிவிட வேண்டும்.

பாட்டுகளுக்கு நடுவே பேச்சு வசனம் வரும். பாட்டை பிரெஞ்சிலேயே வைத்து, வசனத்தைப் பார்வையாளரின் மொழியில் பேசுவது நல்லது. பழகாத மொழியில் பேசினால் ஒவ்வொரு நகைச்சுவையும் அரை நொடி பின்தங்கி விழும். இன்னொரு வழக்கமான கோளாறு: வசனம் முடிந்ததும் பாடகர் மூச்சைத் திரட்டிக்கொண்டு நிற்பது. கடைசி வார்த்தை ஒலிக்கும்போதே பியானோ புகுந்துவிட வேண்டும். பியானோக்காரரின் பிரதியில் வசனத்தின் கடைசி வரியும் எழுதியிருந்தால் இது தானாக நடக்கும்.

உடை மாறும் காட்சிக்கு, கந்தல் உடையை மேலே போட்டு முதுகில் அழுத்துப் பொத்தான் வைத்தால் சில நொடியில் கழன்றுவிடும். வெல்க்ரோ வேண்டாம், கிழிபடும் சத்தம் மென்மையான இசையைத் தாண்டிக் கேட்கும். செருப்புக்குக் குதிகால் தாழ்வாக இருக்கட்டும். உயரமாக இருந்தால் ஒன்றைத் தொலைத்தபின் மரி நொண்டிக்கொண்டே ஓடுவாள். வார், கொக்கி எதுவும் கூடாது. மூன்றாம் அங்கத்தில் செருப்பு போட்டுப் பார்க்கும்போது இசை அதற்காகக் காத்திராது.

அந்த மூன்றாம் அங்கம்தான் பலவீனம். முடிச்சுகள் மளமளவென்று அவிழ்ந்துவிடுகின்றன, இளவரசனுக்கோ மனதில் நிற்கும்படி எதுவும் மிஞ்சுவதில்லை. சிலர் சிறு ஆர்கெஸ்ட்ராவைச் சேர்த்து இதைப் பெரிதாக்கப் பார்க்கிறார்கள். அப்போது இளம் குரல்கள் அமுங்கிப்போகும், வசனத்துக்கும் பாட்டுக்கும் இடையே இழுபறி கூடும். வியார்தோ 1910இல் மறைந்துவிட்டதால் மூலப் பியானோ பிரதி பெரும்பாலான நாடுகளில் உரிமைக் கட்டணமின்றிக் கிடைக்கும். புதிய ஆர்கெஸ்ட்ரா வடிவங்களுக்குத் தனி உரிமை இருக்கக்கூடும், ஒத்திகைக்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.