மடக்குக் கத்தி வாங்கப் போகிறவர்கள் கவனத்திற்கு: 4,850 ரூபாய்க்கு நான் வாங்கிய 'டமாஸ்கஸ்'

வலது கை ஆள்காட்டி விரலில் மூன்று தையல் போட்டிருப்பதால், இடது கையால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி இதை எழுதுகிறேன். ஆறிய பிறகு எழுதலாமே என்று வீட்டில் சொன்னார்கள். ஆறிவிட்டால் எழுத மாட்டேன் என்பது எனக்குத் தெரியும். போன பணம் 4,850 ரூபாய். நல்ல மடக்குக் கத்தியைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்றும் இந்தப் பதிவின் முடிவில் சொல்கிறேன்.

சேலம் மாவட்டத்தில் மாங்கன்றுகளை ஒட்டுக் கட்டி விற்கும் சிறிய நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறேன். ஒட்டுக் கட்டுவதற்கென்று தனிக் கத்திகள் பண்ணையில் உண்டு. ஆனால் சட்டைப் பையில் எப்போதும் ஒரு மடக்குக் கத்தி இல்லாவிட்டால் எனக்குக் கை ஒடிந்ததுபோல் இருக்கும். சாக்கின் வாய்த்தையல் பிரிக்க, சொட்டுநீர்க் குழாயை நறுக்க, ஒட்டுக்குச் சுற்றிய நெகிழித் தாளைக் கீற, பார்சல் உடைக்க, வந்தவர்களுக்கு ஒரு பழம் அரிந்து கொடுக்க என்று ஒரு நாளில் முப்பது தடவையாவது அது வெளியே வரும். என் மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த சிவப்பு நிறச் சுவிஸ் கத்தி பதினேழு வருடம் என்னோடு இருந்தது. கார்ல் எல்சனர் 1884-இல் இபாக் என்னும் சுவிட்சர்லாந்துக் கிராமத்தில் தொடங்கிய பட்டறையின் வழிவந்த கத்தி அது. சென்ற மாதம் வாய்க்காலில் மடை திருப்பக் குனிந்தபோது பையிலிருந்து நழுவி விழுந்தது. இரண்டு நாள் சேற்றைத் துழாவியும் கிடைக்கவில்லை.

அந்தத் துக்கத்தில் இருந்தபோதுதான், படங்களும் காணொளிகளும் பகிரும் ஒரு செயலியில், கைவினைக் கத்திகள் விற்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு பக்கத்தின் விளம்பரம் என் கண்ணில் பட்டது. பெயரைச் சொல்லப் போவதில்லை; நாளைக்கே பெயரை மாற்றிக்கொள்ளக் கூடிய கூட்டம் அது. காணொளியில் ஒருவர் தக்காளியைக் கையால் பிடிக்காமலே மெல்லிய தோலாகச் சீவினார், தொங்கவிட்ட தாளைச் சத்தமில்லாமல் கிழித்தார். அலகு முழுவதும் ஆற்று மணலில் நீர் வடிந்த தடம்போல அலை அலையாகக் கோடுகள். '67 அடுக்கு டமாஸ்கஸ், நடுவில் விஜி-10 எஃகு, கடினம் 60' என்று கீழே எழுதியிருந்தது. டமாஸ்கஸ் என்றால் இப்படி அலைக்கோடு ஓடும் எஃகு.

எனக்கு இந்த விஷயம் ஓரளவு தெரியும் என்ற நினைப்புதான் என்னைக் கவிழ்த்தது. விஜி-10 என்பது ஜப்பானின் ஃபுகுயி பகுதியில் உள்ள டகேஃபு ஆலையின் எஃகு என்பதும், அதில் ஏறத்தாழ 1 விழுக்காடு கரியும் 15 விழுக்காடு குரோமியமும் இருக்கும் என்பதும், முறையாகப் பதப்படுத்தினால் கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் 60-ஐ ஒட்டி வரும் என்பதும் நான் ஏற்கெனவே படித்தவை. விளம்பரத்தில் இருந்த எண்கள் எல்லாம் சரியாக இருந்தன. பொய் சொல்கிறவன் எண்ணையும் தப்பாகத்தான் சொல்வான் என்று நம்பிய என் மூளையை என்ன சொல்ல?

விசாரித்துச் செய்தி அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. பூட்டு எந்த வகை, பிடி என்ன மரம், எடை எத்தனை கிராம் என்று கேட்ட கேள்விகளுக்கெல்லாம் 'அண்ணே, அண்ணே' என்று வரிக்கு வரி மரியாதையாகப் பதில் சொன்னான் அந்தப் பையன். அப்போதும் நான் பணம் அனுப்பவில்லை. பழைய கத்தி தொலைந்த கதையை ஏனோ அவனிடம் சொன்னேன். அதற்கு ஒரு குரல்செய்தி வந்தது. ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடிய அந்தக் குரலை இன்றைக்கும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். "அண்ணே, எங்க தாத்தாவும் கொல்லுப் பட்டறைதாண்ணே. டமாஸ்கஸ்னு வெளிநாட்டுக்காரன் பேரு வச்சிட்டான், ஆனா அந்த உருக்கு நம்ம ஊரு சொத்து. கொடுமணல்ல தோண்டி எடுத்திருக்காங்களே, அதே உருக்குண்ணே. இது ஒன்னே ஒன்னுதான் இருக்கு, உங்களுக்காக எடுத்து வச்சிடறேன்." பின்னணியில் சம்மட்டி அடிக்கும் ஓசைகூடக் கேட்டது.

நொய்யல் கரையில் உள்ள கொடுமணலுக்கு நான் நேரில் போயிருக்கிறேன். அங்கே அகழாய்வில் உருக்காலைத் தடயங்கள் கிடைத்ததும் உண்மை, மூசை என்னும் மண்குப்பியில் உருக்கிய தென்னிந்திய எஃகு மேற்காசியா வரை போய் டமாஸ்கஸ் வாள்களுக்குப் பெயர் வாங்கித் தந்ததும் உண்மை. அந்த உண்மையைத் தூண்டிலில் புழுவாகக் குத்திப் போட்டான், நான் கொத்தினேன். விலை 5,000 ரூபாய். பொருள் கைக்கு வந்த பிறகு பணம் தருகிறேன் என்றதற்கு, அந்த வசதி இல்லை என்றும், முன்கூட்டியே அனுப்பினால் 150 ரூபாய் குறைப்பதாகவும் சொன்னான். கைப்பேசியிலேயே 4,850 ரூபாயை அனுப்பிவிட்டு, 'நன்றி தம்பி' என்று வேறு எழுதினேன்.

ஒன்பதாம் நாள் பார்சல் வந்தது. பெட்டியும் எண்ணெய் மணமும் கனமும் முதல் பார்வைக்கு நன்றாகவே இருந்தன. தாளைக் கிழித்தது, உண்மைதான். எந்தத் தகரத்தையும் தீட்டினால் தாளைக் கிழிக்கும் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. இரண்டாம் நாள், பதினாறு மில்லிமீட்டர் சொட்டுநீர்க் குழாய் ஏழெட்டுத் துண்டு நறுக்கியதும் கூர் போய்விட்டது. நகத்தால் தடவிப் பார்த்தால் விளிம்பு ஒரு பக்கமாக மடிந்திருந்தது. நல்ல எஃகு நாளாவட்டத்தில் மழுங்கும், மிகக் கடினமானது சிறு சிறு துண்டாகப் பெயரும். இப்படி ஈயம்போல மடியாது. சாணைக்கல்லில் நான்கு இழுப்பு இழுத்தால் சரியாகிவிடும் என்று எண்ணிக்கொண்டு, எங்கள் தெருவுக்கு மாதம் ஒருமுறை சைக்கிளில் சாணைக்கல்லோடு வரும் பெரியவரிடம் கொடுத்தேன்.

அவர் கத்தியை வாங்கியதும் அலகைப் பார்க்கவில்லை. திருப்பி முதுகைப் பார்த்தார். கல்லில் ஒருமுறை மெல்ல ஒட்டி எடுத்து, கட்டைவிரலால் துடைத்தார். கல் பட்ட இடத்தில் அலை இல்லை, கோடு இல்லை, பள்ளிக்கூடப் பிள்ளையின் ஜியாமெட்ரி டப்பாவைப் போல வெறும் பளபளப்பு. "சார், இது படம் போட்ட தகடு. கோலம் வாசல்ல இருக்கும், வீட்டுக்குள்ள இருக்குமா?" என்றார். சாணைக் கூலியும் வாங்கிக்கொள்ளவில்லை. அந்த இரக்கம்தான் எனக்கு அதிகம் சுட்டது.

இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். இன்று டமாஸ்கஸ் என்ற பெயரில் நேர்மையாக விற்கப்படுபவை பெரும்பாலும் பழைய மூசை எஃகு அல்ல. வெவ்வேறு கலவையுள்ள எஃகுத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பழுக்கக் காய்ச்சி, ஒன்றாக ஒட்டும்வரை அடித்து, மடித்து, மீண்டும் அடித்துச் செய்பவை. நிக்கல் கலந்த தகடும் கலக்காத தகடும் மாறி மாறி இருப்பதால், அமிலத்தில் அல்லது ஃபெர்ரிக் குளோரைடு கரைசலில் நனைத்தால் ஒன்று வெளுத்தும் ஒன்று கறுத்தும் தெரியும். அடுக்கு உள்ளுக்குள்ளேயே ஓடுவதால், மேற்பரப்பைத் தேய்த்தாலும் மறுபடி நனைத்தால் கோலம் திரும்ப வரும். கத்தியின் முதுகிலும் அடுக்குகள் மெல்லிய இழைகளாகத் தெரியும். என்னிடம் வந்ததிலோ முதுகு வழுக்கையாக இருந்தது. பக்கங்களில் மட்டும் அச்சடித்ததுபோல் அமிலத்தாலோ லேசராலோ கோடு போட்டிருக்கிறார்கள். கத்தியின் முதுகைப் படம் எடுத்து அனுப்பச் சொல் என்று ஒரு வரி கேட்டிருந்தால் 4,850 ரூபாய் என் கணக்கிலேயே இருந்திருக்கும்.

அன்றிரவே அந்தப் பையனுக்குப் படங்களோடு எழுதினேன். மறுநாள் மாலைதான் பதில் வந்தது. 'அண்ணே' போய் 'சார்' ஆகியிருந்தது. பார்சல் பிரிக்கும்போது எடுத்த காணொளி இருக்கிறதா என்று கேட்டான். இல்லை என்றேன். அப்படியானால் வந்தது எங்கள் கத்திதான் என்பதற்கு என்ன சான்று என்றான். மறுபடி எழுதினேன். இரண்டு நாள் கழித்து, 'டமாஸ்கஸ் கத்தியைச் சாணை பிடித்தால் உத்தரவாதம் ரத்தாகும்' என்று பதில் வந்தது. தீட்டக் கூடாத கத்தியை உலகத்தில் எவனாவது விற்பானா? அது கத்தியா, கண்ணாடி அலமாரியில் வைக்கும் பொம்மையா? அவன் தாத்தாவின் கொல்லுப் பட்டறையில் சாணையே இல்லாமல் இருந்ததா?

இந்த இழுபறி நடக்கும்போதும் வேறு கத்தி இல்லாததால் இதையே பையில் வைத்திருந்தேன். முட்டாள்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன். தென்னை நார்க்கழிவுக் கட்டியைச் சுற்றியிருந்த தடித்த நெகிழித் தாளில் முனையைச் செருகித் திருப்பியபோது, அலகின் முதுகில் சற்று அழுத்தம் விழுந்தது. பூட்டு 'டக்'கென்று விலக, அலகு மடங்கி விரலில் இறங்கியது. இந்த வகைப் பூட்டுக்கு லைனர் லாக் என்று பெயர். பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு ஒன்று, கத்தியைத் திறந்ததும் விரிந்து வந்து, அலகின் அடிப்பகுதிக்குப் பின்னால் முட்டுக் கொடுத்து நிற்க வேண்டும். அடிப்பகுதியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்காவது அந்தத் தகடு ஏறி உட்கார வேண்டும். என் கத்தியில் அது நகத்தின் நுனியளவுதான் தொட்டுக்கொண்டிருந்தது என்பதை, மருத்துவமனையிலிருந்து திரும்பிய பிறகு விளக்கின்கீழ் வைத்துப் பார்த்தேன்.

தையல் போட்ட விரலைப் படம் எடுத்து அனுப்பினேன். மனிதனாக இருந்தால் ஒரு வார்த்தை கேட்டிருப்பான். 'அன்புள்ள வாடிக்கையாளரே, எங்கள் கத்திகள் மிகக் கூர்மையானவை, கவனமாகக் கையாளவும்' என்று வந்தது. அதற்கு நான் எழுதிய பதிலை இங்கே எழுத முடியாது. சற்று நேரத்தில் அவன் முகப்புப் படம் மறைந்தது. என்னைத் தடை செய்துவிட்டான். விளம்பரத்தின் கீழே நான் போட்ட கருத்தும் பத்தே நிமிடத்தில் காணாமல் போனது. வங்கியில் கேட்டதற்கு, நீங்களே ரகசிய எண்ணைப் போட்டு அனுப்பிய பணம்தானே என்று கையை விரித்தார்கள். செயலியின் புகார்ப் பகுதியில் முறையிட்டதற்கு, 'எங்கள் விதிகளை மீறியதாகத் தெரியவில்லை' என்ற ஒற்றை வரி வந்தது.

கோவையில் வெப்பப் பதனிடும் பட்டறை வைத்திருக்கும் என் மைத்துனரிடம் கத்தியைக் கொடுத்தனுப்பினேன். வைரக் கூம்பை 150 கிலோ பாரத்தில் அழுத்திப் பார்க்கும் ராக்வெல் கருவியில் மூன்று இடங்களில் வைத்துப் பார்த்தார். 41, 40, 42. "இதுக்குத் தோய்ச்சலே சரியா வைக்கலை மாமா" என்றார். காய்ச்சிய எஃகைச் சட்டென்று குளிர்வித்துக் கடினமாக்குவதுதான் தோய்ச்சல். வாய்க்காலில் தொலைந்த என் சுவிஸ் கத்தியின் வகையே 55, 56 கடினம்தான். அவர்கள் 60 என்று தம்பட்டம் அடிப்பதில்லை, ஆனால் பதினேழு வருடம் உழைத்தது.

தேர்ந்தெடுப்பது எப்படி என்று முடிவில் சொல்வதாகச் சொன்னேன். விரல் வலிக்கிறது, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். டமாஸ்கஸ் என்றால் முதுகின் படத்தைக் கேளுங்கள், தயங்கினால் விலகிவிடுங்கள். திறந்த நிலையில் பூட்டின் படத்தைக் கிட்டத்தில் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கைக்கு வந்ததும், விரல்களை அலகின் பாதையில் வைக்காமல், முதுகை மரக்கட்டையில் மெல்லத் தட்டிப் பாருங்கள், பூட்டு அசையக் கூடாது. பார்சலைப் பிரிக்கும்போது காணொளி எடுங்கள். முன்பணம் அனுப்பாதீர்கள். கோலம் எதுவும் வேண்டாம், வேலைக்குக் கத்தி போதும் என்றால், மரப்பிடியும் சுழல் வளையப் பூட்டும் உள்ள பிரெஞ்சு ஓப்பினல் எட்டாம் எண் கத்தி நான் இழந்த தொகைக்குள்ளேயே அடங்கும். அந்த வளையம் 1955-இல் வந்தது, இன்னும் அதே எளிய அமைப்புதான். அதற்கும் போலிகள் வரலாம் என்பதால் ஆள் தெரிந்த கடையில் வாங்குங்கள். எதை வாங்கினாலும் விமானத்தில் கைப்பையில் வைக்காதீர்கள், பிடுங்கிக்கொள்வார்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் நேற்று புகார் பதிவு செய்திருக்கிறேன். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, இணையத்தில் விற்கும் நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இந்தப் பக்கத்துக்கு அப்படி ஓர் அலுவலரோ முகவரியோ எங்கும் இல்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை என்பதால் அங்கேயும் போவேன். 4,850 ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சலா என்று கேட்காதீர்கள். என் பண்ணையில் அது எத்தனை ஒட்டுக்கன்று விற்ற பணம் என்று எனக்குத்தான் தெரியும்.

இன்று காலை மகனின் கைப்பேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அதே தக்காளி, அதே தாள், அதே அலைக்கோடுகள். விலையை 3,999 ரூபாயாகக் குறைத்திருக்கிறார்கள். கீழே சிவப்பு எழுத்தில், 'இன்னும் ஒன்றே ஒன்றுதான் உள்ளது'.