ஜெயித்த மறுநாள்: ஓரங்கட்டுவதா, சேர்த்துக்கொள்வதா?

அடுத்த ஊராட்சித் தேர்தலில் தலைவர் பதவிக்கு நிற்கப்போகிற உறவுக்காரத் தம்பி ஒருவன் போன வாரம் வந்திருந்தான். "அண்ணே, ஒருவேளை ஜெயிச்சுட்டா, தோத்தவங்கள என்ன செய்யிறது?" என்று கேட்டான். ஓட்டு வாங்குவது எப்படி என்று கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம். இதைக் கேட்ட முதல் ஆள் இவன். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நானும் எங்கள் ஊராட்சித் தலைவராக இருந்தவன். 2019 டிசம்பர் தேர்தலில் 61 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தேன். என்னிடம் தோற்றவர் 2011 முதல் 2016 வரை தலைவராக இருந்தவர், எனக்கு மாமா முறை. ஆனால் ஒன்பது வார்டில் ஆறு அவர் பக்கம் போயிருந்தது. ஊராட்சியில் கட்சிச் சின்னம் கிடையாது, ஆனாலும் யார் எந்தப் பக்கம் என்று டீக்கடையில் எல்லோருக்கும் தெரியும். 2020 ஜனவரி 6 அன்று பதவியேற்றோம். 11ஆம் தேதி, வார்டு உறுப்பினர்கள் ஓட்டுப் போடும் துணைத் தலைவர் தேர்தல். நடுவில் இருந்த அந்த ஐந்து நாளில்தான் முடிவெடுக்க வேண்டியிருந்தது.

முதல் வழி, எங்கள் ஆட்கள் சொன்னது. எதிர்ப்பக்க வார்டு உறுப்பினர்களில் இரண்டு மூன்று பேரை 'கவனித்து', தேர்தல் நாள் வரை எங்காவது சுற்றுலா கூட்டிப்போய் வைத்திருந்து, நம் ஆளைத் துணைத் தலைவர் ஆக்குவது. அப்புறம் டேங்க் ஆபரேட்டர், தூய்மைக் காவலர் என்று மாமா காலத்தில் வேலைக்கு வந்தவர்களை மாற்றி நம்மோடு அலைந்தவர்களுக்குக் கொடுப்பது. இரண்டாவது வழி, பெரும்பான்மை அவர்களிடம் இருக்கிறது, துணைத் தலைவரும் அவர்களே என்று விட்டுவிடுவது. வேலையில் இருப்பவர்களைத் தொடாமல், பாதியில் நின்றதை முடிப்பது.

முதல் வழியில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். கூட நின்றவர்களுக்கு மனசு நிறையும். கூட்டத்தில் தீர்மானம் சண்டை இல்லாமல் நிறைவேறும். இரண்டாவதில் ஊர் அமைதியாக இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். என் முடிவைத் தீர்மானித்தது ஒன்றே ஒன்று, பராமரிப்பு.

அப்போது ஊராட்சிக் காசோலையில் தலைவர் கையெழுத்து மட்டும் போதாது, துணைத் தலைவரும் சேர்ந்து போட வேண்டியிருந்தது. தெருவிளக்கு பல்பு, பிளீச்சிங் பவுடர், மோட்டார் காயில் கட்டும் கூலி எல்லாம் அந்த இரண்டு கையெழுத்தில்தான் ஓடின. அதனால்தான் நம் ஆள் துணைத் தலைவராக இருக்க வேண்டும் என்பார்கள். ஆனால் விலைக்கு வந்தவர் ஒரு விலையோடு நிற்பதில்லை. பக்கத்து ஊராட்சி ஒன்றில் அப்படித்தான் ஆனது. கூட்டிப்போய் வைத்து ஜெயிக்க வைத்த துணைத் தலைவர் இரண்டாவது வருஷமே ஒவ்வொரு காசோலைக்கும் பங்கு கேட்க ஆரம்பித்தார். தலைவர் மறுத்தார், கையெழுத்து நின்றது. கோடையில் மோட்டார் காயில் எரிந்தபோது கட்டுவதற்குப் பணம் எடுக்க முடியவில்லை, பெண்கள் குடத்தோடு தோட்டத்துக் கிணற்றுக்கு நடந்தார்கள். இப்படி இருவரும் முறைத்துக்கொண்டு நின்றால், மாவட்ட ஆட்சியர் தலையிட்டுக் கையெழுத்து அதிகாரத்தை வட்டார வளர்ச்சி அலுவலரிடம் கொடுக்க முடியும். அப்புறம் ஒரு பல்பு மாற்றவும் ஒன்றிய அலுவலகத்துக்கு நடக்க வேண்டியதுதான்.

நான் மாமா வீட்டுக்குத் தனியாகப் போனேன். மேளம், பட்டாசு, கூட ஆள் எதுவும் இல்லை. "வாங்க தம்பி" என்றார், முகம் கொடுக்கவில்லை. "துணைத் தலைவர் உங்க பக்கமே இருக்கட்டும் மாமா. நீங்க இருந்தப்போ பாதியில நின்ன வேலை எதெதுன்னு மட்டும் சொல்லுங்க" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் காலனிக்குப் போகிற பைப் லைனைச் சொன்னார். இன்னும் நாற்பது குழாய் பதித்தால் முடிந்துவிடும் என்றார். அதைத்தான் முதல் வேலையாக எடுத்தேன்.

டேங்க் ஆபரேட்டர் விஷயமும் இதே கணக்குதான். எந்த கேட் வால்வு எந்தத் தெருவுக்கு, எது மண்ணுக்குள் புதைந்து கிடக்கிறது என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். எந்த வரைபடத்திலும் கிடையாது. அவரை அனுப்பியிருந்தால் அந்த அறிவும் அவரோடு போயிருக்கும். இரண்டே மாதத்தில் கொரோனா ஊரடங்கு வந்தது. எந்த வீட்டுக்கு அரிசி இல்லை என்று என்னிடம் சொல்லத் தயங்கியவர்கள் மாமா ஆட்களிடம் சொன்னார்கள். அவர்கள் என்னிடம் சொன்னார்கள்.

மாநிலத்திலும் இதே கணக்கைப் பார்க்கலாம். 2011இல் ஆட்சி மாறியதும் சமச்சீர்க் கல்வியை நிறுத்தினார்கள். அச்சடித்த புத்தகங்கள் கிடங்கில் கிடந்தன, பள்ளி திறந்தும் பிள்ளைகள் கையில் புத்தகம் இல்லை. ஆகஸ்ட் 9ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் கிடைத்தது. ஊராட்சிகளில் வேலை பார்த்த மக்கள் நலப் பணியாளர்களை ஒரு ஆட்சி 1990இல் வேலைக்கு எடுத்தது, அடுத்த ஆட்சி 1991இல் அனுப்பியது. 1997இல் மறுபடி எடுத்து 2001இலும், 2006இல் எடுத்து 2011இலும் அனுப்பினார்கள். மூன்று முறை வேலை போன குடும்பங்களை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இன்னொரு பக்கம், 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவை 1989இல் வந்த கருணாநிதி ஆட்சி நிறுத்தவில்லை, முட்டை சேர்த்தது. 2021 மே மாதம் சென்னையில் ஓர் அம்மா உணவகத்தின் பெயர்ப்பலகையை ஜெயித்த கட்சிக்காரர்களே பிய்த்துப் போட்டபோது, ஸ்டாலின் அவர்களைக் கட்சியை விட்டு நீக்கி, பலகையை மறுபடி வைக்கச் சொன்னார். கொரோனாவுக்கு அவர் அமைத்த சட்டமன்றக் கட்சிகளின் குழுவில் முந்தைய ஆட்சியின் சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கரும் இருந்தார். பழைய முதல்வர்களின் படம் போட்ட பள்ளிப் பைகளையும் வீணாக்காமல் பிள்ளைகளுக்கே கொடுத்தார்கள். எனக்குப் பிடித்த வழி இதுதான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நான் பார்த்தது ஒரே ஒரு பதவிக்காலம், ஒரு சின்ன ஊர். மாமா கை சுத்தமானவர். முந்தைய தலைவர் பணத்தைச் சுருட்டியிருந்தால் சேர்த்துக்கொள்வது மூடிமறைப்பதாகிவிடும். அந்த நிலைமை எனக்கு வரவில்லை, வந்திருந்தால் எப்படி நடந்திருப்பேன் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பழைய கணக்குப் புத்தகங்களைத் தணிக்கைக்கு அப்படியே எடுத்துக் கொடுத்தேன், அதில் மட்டும் முகதாட்சண்யம் பார்க்கவில்லை. கட்சிக் கொறடா இருக்கிற பெரிய சபைகளில் இது எவ்வளவு தூரம் செல்லும் என்பதும் என் அனுபவத்துக்கு வெளியே.

இதற்கு நான் கொடுத்த விலையையும் தம்பியிடம் மறைக்கவில்லை. டேங்க் ஆபரேட்டர் வேலை தன் மகனுக்குக் கிடைக்கும் என்று நம்பி எனக்காக வீடு வீடாக ஓட்டுக் கேட்ட ஒருவர் இருக்கிறார். "இதுக்கா உனக்காக அலைஞ்சேன்?" என்று ஊராட்சி அலுவலக வாசலிலேயே கேட்டார். 2025 ஜனவரியில் பதவி முடிந்து தனி அலுவலர் வந்துவிட்டார். எங்கள் வீட்டு விசேஷத்துக்கு எனக்காக ஓட்டுக் கேட்ட அந்த மனிதர் வருகிறார், மொய் வைக்கிறார், சாப்பிடுகிறார். என்னிடம் மட்டும் இன்னும் பேசவில்லை.