கர்ப்ப காலத்துக்கு வாங்கிய ரத்த அழுத்தமானி: பட்டையில் குறை, அளவில் நம்பிக்கை

முதல் பிரசவத்தில் எனக்கு ப்ரீ-எக்லாம்ப்சியா (கர்ப்பத்தால் ரத்த அழுத்தம் ஆபத்தாக ஏறும் சிக்கல்) வந்ததால், மறுமுறை கருவுற்றதுமே வீட்டுக்கு ஒரு ரத்த அழுத்தமானி வாங்கச் சொன்னார் மருத்துவர். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம், மேல்கையில் கட்டும் தானியங்கிதான் வேண்டும்; அதுவும் கர்ப்பிணிகளிடம் சோதித்துச் சரிபார்த்த மாடலாக இருக்க வேண்டும் என்றார். காரணம் இருக்கிறது. ப்ரீ-எக்லாம்ப்சியா உள்ளவர்களிடம் சில தானியங்கிக் கருவிகள் அழுத்தத்தைக் குறைத்துக் காட்டிவிடும்.

இந்தக் கருவி அந்த விஷயத்தில் ஏமாற்றவில்லை. பரிசோதனைக்குப் போகும்போது எடுத்துச் சென்று மருத்துவமனைக் கருவியோடு ஒப்பிட்டோம், வித்தியாசம் சொற்பம்தான்.

கையில் சுற்றிக் கட்டும் பட்டைதான் பெரிய குறை. பெட்டியில் இருந்தது 22 முதல் 32 செ.மீ. சுற்றளவுக்கானது. என் மேல்கை 35. சிறிய பட்டை அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும். வீண் பயம், வீண் அலைச்சல். பெரிய பட்டையைத் தனியாக வாங்க வேண்டியிருந்தது. கர்ப்பிணிகளுக்கு ஏற்றது என்று விற்பவர்கள் பட்டையின் அளவைப் பெட்டியின் மேலேயே பெரிதாக அச்சிட வேண்டாமா?

இன்னொன்று, திரையில் முதலில் வருவது கடைசி மூன்று அளவுகளின் சராசரி. ஒருமுறை ஏறிய எண் அதற்குள் மறைந்துபோகிறது. ஆகவே ஐந்து நிமிடம் பேசாமல் சாய்ந்து உட்கார்ந்து, அளந்து, ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதினேன். 140/90-ஐத் தொட்டால் மருத்துவமனைக்குத் தொலைபேசி, 160/110 என்றால் உடனே கிளம்ப வேண்டும் என்பது எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. கடும் தலைவலி, கண் மங்கல், வலது விலாவுக்குக் கீழே வலி இருந்தால் எண் எதுவானாலும் போகத்தான் வேண்டும்.

குழந்தை பிறந்துவிட்டதே என்று கருவியை எடுத்து வைத்துவிடாதீர்கள். பிரசவத்துக்குப் பிறகும் சில வாரங்கள் வரை இந்தச் சிக்கல் வரலாம். வீடு திரும்பிய பிறகு எனக்குத் தலைவலி தொடங்கியது. தூக்கம் போதவில்லை என்றார்கள் எல்லோரும். கருவி 164/108 காட்டியது. சற்றுப் பொறுத்து அளந்தபோதும் இறங்கவில்லை. மருத்துவமனைக்குக் கிளம்பினோம். கருவியின் நினைவகத்தில் தேதி, நேரத்தோடு இருந்த அளவுகளைப் பார்த்த பணி மருத்துவர் காக்க வைக்கவில்லை. அழுத்தத்தைக் குறைக்க மருந்தும், வலிப்பு வராமலிருக்க மக்னீசியம் சல்பேட்டும் அன்றே கொடுத்தார்கள்.

வாங்குவதற்கு முன் உங்கள் மேல்கையை அளந்துகொள்ளுங்கள். அதற்கேற்ற பட்டை கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.