லண்டன் பின்வளவில் ஊர்ப் பச்சை: நெடுநாள் வளர்த்துப் பார்த்த செடிகள்

லண்டனில் நெடுங்காலம் இருந்துவிட்டு இப்போது இலங்கையில் ஒட்டுசுட்டானில் இருக்கிறேன். தெற்கு லண்டனில் நான் போட்ட தோட்டத்தைத் தங்கச்சி பார்த்துக்கொள்கிறாள். அடிக்கடி வீடியோவில் காட்டுவாள். இங்கிருந்து போய் அங்கே வீடு வாங்கும் பிள்ளைகள், "அண்ணை, எங்கட வளவு மாதிரி வர என்ன நடலாம்?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

எங்கட வளவை நினைத்துப் பாருங்கள். கிணற்றடி வாழை, தண்ணீர் ஓடும் பக்கம் சேம்பு, வேலியோரம் வடலி, ஒரு பப்பாசி. இதில் பூவை யார் பார்த்தோம்? எல்லாம் இலைதான். அகன்ற இலை, விசிறி இலை, கைபோல் பிளந்த இலை. இந்த வடிவங்கள் குளிர் தாங்கும் செடிகளிலும் உண்டு. அதனால் கடையில் பூப்படத்தைப் பார்த்து வாங்காமல் இலையைப் பார்த்து வாங்குங்கள்.

வடலியின் இடத்துக்கு நான் நட்டது சூசன் பாம். சீனத்துப் பனை வகை. ராபர்ட் ஃபோர்ச்சூன் என்ற தாவர சேகரிப்பாளரின் பெயரைத் தாவரவியலில் தாங்கி நிற்கிறது. பிரித்தானிய அரச தோட்டக்கலைச் சங்கத்தின் குளிர்தாங்கும் தரத்தில் இது எச்5, அதாவது -10 முதல் -15 பாகை செல்சியஸ் வரை தாங்கும். உடம்பெல்லாம் தவிட்டு நிற நார். மெதுவாகத்தான் வளரும், ஆனால் குளிர்காலத்தில் ஒரு நாளும் என்னைக் கவலைப்பட வைத்ததில்லை. காற்று அடித்தால் இலை நுனி கிழியும், அதனால் மறைவான மூலை நல்லது. ஒரேயொரு செடிக்குத்தான் காசு இருக்கிறது என்றால் இதை வாங்குங்கள்.

வாழையைப் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்ல வேண்டும். கதலியும் கப்பலும் அங்கே வெளியில் நிற்காது. நிற்பது மூசா பாஸ்ஜூ. ஜப்பான் வாழை என்பார்கள், பிறப்பிடம் சீனா. குலை போட்டாலும் காய் கொட்டைதான், சாப்பிட ஏலாது. கோடையில் லண்டனில் பகல் பதினாறு மணித்தியாலத்துக்கு மேல் போகும். தண்ணீரும் சாணி உரமும் தாராளமாகக் கொடுத்தால் கிழமைக்கு ஓர் இலை விடும். முதல் உறைபனி விழுந்த மறுநாள் இலையெல்லாம் கறுத்துத் தொங்கும். பயப்பட வேண்டாம். இலையை வெட்டிவிட்டு, தண்டைச் சுற்றிக் கம்பிவலை கட்டி உள்ளே வைக்கோலை அடைத்து, மழை இறங்காமல் மேலே மூடிவிடுவேன். அடியிலும் தடிப்பாக மூடாக்கு. தண்டு செத்தாலும் கிழங்கு பிழைத்தால் பக்கத்தில் குட்டி வரும். ஆனால் தண்டைக் காப்பாற்றினால்தான் அடுத்த கோடையில் தலைக்கு மேல் இலை.

ஏப்ரலில் பிரிக்கும்போது வைக்கோல் ஈரமாக நாறும். வெளி மடல்கள் வழுவழுவென்று பழுப்பாகிக் கையோடு கழன்று வரும். பெருவிரலால் தண்டை அமர்த்திப் பார்க்க வேண்டும். மெத்தென்று அமுங்கினால் அந்த இடம் அழுகல். வெள்ளையாக, இறுக்கமாக வரும்வரை மேலிருந்து துண்டு துண்டாக வெட்டிக்கொண்டு வாருங்கள். நல்ல தண்டென்றால் வெட்டிய வட்டத்தின் நடுக்குருத்து மட்டும் ஓரிரு நாளில் மேலே தள்ளிக்கொண்டு நிற்கும். அதைக் கண்டால் அந்த வருடத்துக்குக் கவலை இல்லை.

இன்னொன்று, சிவப்பு இலையோடு அழகாக நிற்கும் என்செட் வாழையை ஒரு கடையில் "வெளியில் நிற்கும்" என்று சொல்லித்தான் விற்றார்கள். நிற்காது. எத்தியோப்பியாவில் அதன் கிழங்கும் தண்டும் உணவு. லண்டனில் அது குளிர்காலத்தில் வீட்டுக்குள் வர வேண்டிய செடி.

பப்பாசி இலைக்கு ஃபட்சியா. வெயில் படாத வடக்குச் சுவரோரத்திலும் வருடம் முழுக்கப் பச்சை. வேறு சொல்ல ஒன்றும் இல்லை, அவ்வளவு நல்ல செடி.

மணிவாழையை அங்கே கன்னா என்று விற்பார்கள். அதையும் சேம்பையும் மே கடைசியில் வெளியில் நட்டு, உறைபனியில் இலை கருகியதும் கிழங்கைத் தோண்டி உறையாத இடத்தில் வைப்போம். இங்கே ஐப்பசி மழையோடு நடுகிற நமக்கு இந்தக் கணக்கு முதலில் பிடிபடாது. இலங்கைக் கடையில் கறிக்கு வாங்கும் சேம்பங்கிழங்கே முளைக்கும், தனியாகக் காசு கொடுக்கத் தேவையில்லை. ஆமணக்கு இங்கே காணியோரத்தில் தானாக முளைக்கிறது, அங்கே விதைப் பொதி வாங்கி ஒரு கோடைக்கு மட்டும் வளர்க்கிறார்கள். விதை கடும் நஞ்சு. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பூங்கொத்தை முற்றமுன் வெட்டிவிடுங்கள்.

குளிரைவிட ஈரம் கூடக் கொல்கிறது. லண்டன் களிமண்ணில் மாரி முழுக்கத் தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும், குழியில் சல்லி கலந்து மேடாக்கி நடுங்கள். 2010 டிசம்பர்தான் பிரித்தானியாவில் அதுவரை நூறு வருடத்தில் மிகக் குளிரான டிசம்பர். எங்கள் தெருவில் கோடிலைன்கள் (பனை போல் நிற்கும், வாள் போன்ற இலைச் செடிகள்) எல்லாம் உள்ளே கூழாகி விழுந்தன. ஆனால் எங்களுடையது அடுத்த கோடையில் அடியிலிருந்து திரும்பத் தளிர்த்தது. செத்ததென்று உடனே பிடுங்க வேண்டாம், ஜூலை வரை பொறுங்கள்.

நடுவதற்கு முன் நேரில் பார்க்க விரும்பினால் இங்கிலாந்தின் கிழக்கு சசெக்ஸில் உள்ள கிரேட் டிக்ஸ்டர் தோட்டத்துக்குப் போங்கள். தோட்டக்கலை எழுத்தாளர் கிறிஸ்டோபர் லொயிட் 1993இல் அங்கிருந்த ரோசாத் தோட்டத்தை எடுத்துவிட்டு இப்படிப் பெரிய இலைச் செடிகளை நட்டார். ஓகஸ்ட் கடைசி, செப்டெம்பர்தான் இலை நிறைந்திருக்கும் காலம்.

டொரொண்டோவில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே சூசன் பாம் தொட்டியில்தான், குளிர்காலத்தில் கராஜுக்குள்.